சிம்மை மாற்றினால்

"சிம்மை மாத்திட்டா இந்தப் போனு காட்டிக் குடுத்துரும்னு சொல்றாங்களே, நெசமாம்மா?"

கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். தோளில் துண்டு, கண் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த புது டச் போன் மேல். கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் இருந்த அந்த செல்போன் கடைக்கு இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இரண்டே ரகம்தான். ஒன்று போனைத் திருடியவன், இல்லாவிட்டால் பறிகொடுத்தவன். இவர் எந்த ரகம் என்று கவுன்டரில் நின்ற செலினாவுக்குப் பிடிபடவில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றால் சம்பளம் யார் தருவது? கம்பெனி வெளியிட்டு ஒரு வாரம்கூட ஆகாத மாடல் அது. மலைக்கு வந்ததே இந்த ஒரு பீஸ்தான். பட்டனே இல்லாத போனைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கடைக்குள் தலையை நீட்டிவிட்டுப் போனார்கள். பேப்பரில் வந்த முழுப்பக்க விளம்பரத்தை அவள் மனப்பாடமே செய்து வைத்திருந்தாள்.

"நெசந்தான் சார். ஃபுல் டச், அஞ்சு மெகாபிக்சல் கேமரா, வை-ஃபை எல்லாம் இருக்கு. நீங்க கேக்குறது டிராக்கர். நம்ம நம்பர உள்ள ஏத்தி பாஸ்வேர்டு போட்டாப் போதும். யாராச்சும் பழைய சிம்மைக் கழட்டிட்டு வேற சிம் போட்டா, அந்தப் புது நம்பர் நமக்கு மெசேஜா வந்துரும்."

"போன வச்சிருக்கிற ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியவே தெரியாது சார். சைலண்டாப் போயிரும்."

"ஆளு எங்க இருக்குன்னு காட்டுமா?"

"அது காட்டாது. நம்பர் மட்டுந்தான்."

"நம்பரு போதும்மா" என்றார் அவர். அந்தப் 'போதும்' செலினாவுக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்கு எந்த ஊர் சார்?"

"பழனிக்குப் பக்கத்துல ஆயக்குடி. கொய்யா யாவாரம்."

"பழனியிலயே அத்தன ஷோரூம் இருக்கே. இதுக்கா மல ஏறி வந்தீங்க?"

"அங்க பூராம் தெரிஞ்ச மூஞ்சி. நான் என்ன வாங்குறேன்னு நான் வீடு போறதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சுரும்." அவர் பணத்தை எடுத்து வைத்தார். "பில்ல என் மக பேர்ல போடு. சுதாராணி. தகப்பன் பேரு நாச்சிமுத்து."

செலினாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

சுதாராணி அவளுக்குத் தெரியாதவளா? இங்கே பி.எட். படிக்க வந்தவள், செலினாவின் அண்ணன் ஆண்டனியை விரும்பினாள். படிப்பு முடிந்து ஆயக்குடிக்குப் போன பிறகும் மனம் மாறவில்லை. சாதியும் வேறு, மதமும் வேறு. பெண் வீட்டில் தெரிந்தால் வெட்டுக்குத்தில்தான் முடியும். அதனால் நாளைக் காலை இருவரும் பழனி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, அப்படியே சென்னைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கொள்ளச் சொல்லி சுதாவுக்குப் புது சிம் கொடுத்தனுப்பியதே செலினாதான்.

எப்படியோ இந்த மனுஷனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பாசமாகக் கொடுப்பதுபோல் மகளிடம் போனைக் கொடுக்க வேண்டியது, புது சிம் ஏறியதும் நம்பரைப் பிடிக்க வேண்டியது, ஆள் வைத்து இரண்டு பேரையும் தூக்கிவிட வேண்டியது. அந்தக் கத்தியை இவ்வளவு நேரமும் அவளே அல்லவா பல்லைக் காட்டிக்கொண்டு தீட்டிக் கொடுத்திருக்கிறாள்!

"சார், உண்மையச் சொல்லவா? இது அடிக்கடி ஹேங் ஆகுது. பட்டன் போன் எடுத்துக்கங்க, கல்லு மாதிரி ஒழைக்கும்."

முதலாளி காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே அவள் சீட்டு கிழிந்திருக்கும்.

"இதுதாம்மா வேணும். வெரசாப் போட்டுக் குடு."

"அப்ப டிராக்கராவது வேணாம் சார். பெத்த பொண்ணையே சந்தேகப்படலாமா?"

"இதுல சந்தேகம் என்னத்தக் கெடக்கு? எனக்கு நல்லாத் தெரியும். கேட்டா அவளா நம்பரு குடுக்க மாட்டா."

அவர் தன் நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் ஏற்றிக்கொண்டே வந்தாள். கடைசி எண் மூன்று. மாதாவே மன்னித்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு எட்டைத் தட்டினாள். மெசேஜ் எவனுக்காவது போய்த் தொலையட்டும்.

நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையை எழுத்துக்கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தார்.

"கடைசில மூணும்மா. நீ எட்டுப் போட்டுருக்க."

"சாரி சார். டச்சுல கை பட்டுருச்சு."

அவள் எட்டை அழித்துவிட்டு மூன்றைத் தட்டினாள். அவர் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் வெளியே இருந்த பனிமூட்டத்துக்குள் இறங்கியதுதான் தாமதம், செலினா தன் போனை எடுத்து ஆண்டனிக்கு அடித்தாள். அவன் டூரிஸ்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பேரிஜம் ஏரிக்குப் போயிருந்தான். அங்கே ஏது டவர்? அண்ணனைக் கொன்றுவிடுவார்கள் என்று நினைக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தாள்.

கவுன்டர் மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், போனவர் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆண்டனிக்குத்தான அடிக்கிற, செலினா?"

தன் பெயரை அவரிடம் அவள் சொல்லவே இல்லை.

நாச்சிமுத்து கடைக்குள் வேறு யாரும் இல்லை என்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கவுன்டர் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அவ குரலக் கேக்கத்தாம்மா அந்த நம்பரு. நாளைக்கு மாப்பிள்ளையப் பழனிப் பக்கமே வர வேணாம்னு சொல்லிரும்மா, என் தம்பிக அங்க காத்துக் கெடப்பானுக."