தாளில் ஊறும் எண்ணெய்

கிறிஸ்துமஸ் மதிய விருந்து முடிந்து, ஜன்னல் வெயில் மேசைவிரிப்பில் சாய்ந்து கிடக்கிறது. தேனும் பாதாமும் இறுகிய கெட்டித் துரோன் மிட்டாய்ப் பாளத்தை அம்பாரோ சுத்தியலால் உடைக்கிறாள். கணவன் பத்திஸ்தேவுக்கு அதுதான் உயிர். பாதாமை அரைத்துச் செய்த, எண்ணெய் கசியும் மெத்துத் துரோன் என்றாலே, "பல்லு போனவங்க பண்டம்" என்று முகம் சுளிப்பான். அது இந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. இன்று அவன் தங்கை ரொசேத்தா அதைக் கொண்டுவந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் அந்த மெத்துத் துரோனை அவனே தன் பக்கம் இழுத்து, அடியில் தாளை மடித்து வைத்து, எண்ணெய் ஊறும்வரை பொறுத்து, கத்தியால் உதிராமல் வில்லை போடுகிறான். "அட, கை பழகியிருக்கே அண்ணே! யாரு வீட்டுல பழகின?" ரொசேத்தா சிரிக்கிறாள். கத்தி நிற்கிறது. "சும்மா... எங்கயோ பாத்தது." தாளில் எண்ணெய் மெல்லப் பரவுகிறது. அம்பாரோ நிமிரவில்லை, உடைத்த துண்டுகளையே மறுபடி உடைத்துக்கொண்டிருக்கிறாள்.