பத்தாவது அடி

கைகள் இறங்கவில்லை.

ஹெட்போனில் கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பியானோ நுழைய வேண்டிய இடம் வந்தது. போயும் விட்டது. இது மூன்றாவது முறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் செல்வின் நிறுத்தினான். பதிவை முதலுக்குத் திருப்பி வைத்தான்.

கிட்டார் அவள் கணவனுடையது. தன் பங்கை வாசித்துப் பதிவு செய்துவிட்டான். அடுத்த வாரம் அவள் பியானோ என்று பேச்சு. அந்த வாரம் பிறப்பதற்குள் அவனுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

இன்று அவள் மட்டும் வந்திருக்கிறாள்.

அவன் வாசித்தது ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ. பன்னிரண்டு அடிச் சுற்று. இழுத்து, போக்குக் காட்டி, பத்தாவது அடியில்தான் பாரத்தை இறக்கி வைப்பான்.

அவள் லத்தீன் ஜாஸ். கியூபாக்காரர்களின் பியானோ. தாளம் விழும்வரை அதற்குப் பொறுமை கிடையாது. அரை அடி முன்னாலேயே வந்து நிற்கும்.

இரண்டும் எங்கே கலக்கும் என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டுச் சண்டையில" என்பான்.

பொய்யில்லை. வடபழனி வீட்டில் பாதி நாள் அந்தச் சண்டைதான். இப்படி முந்துறியே, பஸ்ஸா போயிடும் என்பான் அவன். ஆமை என்பாள் இவள். அப்புறம் எப்படியோ இருவரும் ஒரே அடியில் போய் விழுவார்கள். விழுந்ததும் சிரிப்பு வந்துவிடும்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் வந்திருந்தாள். ஒரே ஒரு தடவை.

இன்று கை ஏன் விழவில்லை?

சட்டென்று புரிந்தது. கால் இல்லை.

வாசிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டுவான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் அவள் முந்தினாள். செல்வின் அதைப் பதிவிலிருந்து நீக்கியிருந்தான். காலை, மூச்சை, நாற்காலியின் முனகலை. போனவரின் கடைசிப் பதிவு சுத்தமாக இருக்கட்டும் என்று, பாவம், அன்போடு செய்திருந்தான்.

எல்லாவற்றையும் திரும்பப் போடச் சொன்னாள்.

கால் வந்தது.

அடுத்த அறையில் அவன் நடப்பது மாதிரியே இருந்தது. விரல்கள் தயாராகிவிட்டன. அவற்றுக்குப் பழக்கம்.

கிட்டார் ஒரு சுற்று வந்தது. அவளுக்கென்று அவன் விட்டு வைத்த இடைவெளி நெருங்கியது. கைகள் வழக்கம்போல முந்தப் போயின.

அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் அவன் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த வாரம் அவள் கேட்கட்டும் என்றே சொல்லி வைத்த குரல்.

"அவசரப்படாதடி. வந்துட்டேதான் இருக்கேன்."

கைகள் அந்தரத்தில் நின்றன.

முதல் முறையாக அவள் முந்தவில்லை.

பத்தாவது அடி பியானோ இல்லாமலே விழுந்தது. அடுத்த சுற்றிலும் விழுந்தது. கிட்டார் முடிந்தது. குதிகால் மட்டும் இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டு ஓய்ந்தது.

செல்வின் மைக்கில் மெதுவாகக் கேட்டான்.

"மறுபடி போடட்டுமாக்கா?"

"வேணாம் செல்வின். அவர் வரட்டும்."

கைகளை அவள் இறக்கவில்லை.