பென்சில் பிடித்த கை

"அந்தக் கையில வேணாம்டி. இந்தக் கையால எடுத்து ஒட்டு."

மகள் இடது கையிலிருந்த டைல்ஸ் துண்டை வலது கைக்கு மாற்றினாள். அது நழுவிப் பசைக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

பள்ளிக்கூடத்து முன்சுவரில் பதிக்கப்போகும் படம், பெரிய தாளாகக் கூடத்துத் தரையில் விரிந்து கிடந்தது. பெற்றோர், பிள்ளைகள், வாட்ச்மேன் என்று எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உடைந்த தட்டும் டைல்ஸுமாகத் துண்டுகளை வண்ணப் பக்கம் தாளில் படும்படி கவிழ்த்துக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தையல் கடையைப் பூட்டிவிட்டு அம்மா வந்து சேர்வதற்குள் பாதிப் படம் முடிந்திருந்தது.

"விடுங்களேன், அவளுக்கு வசதியான கையால ஒட்டட்டும்" என்றாள் டிராயிங் டீச்சர்.

"உங்களுக்குத் தெரியாது டீச்சர். கத்தரிக்கோல்கூட வலது கைக்குத்தான் செய்யறான். இப்பவே க்ளாஸ்ல இவளை நொட்டாங்கைன்னுதான் கூப்பிடறாங்களாம். நாளைக்குப் போற இடத்துல நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

அம்மாவுக்கு மகள்மேல் கோபமெல்லாம் இல்லை. பெற்ற வயிற்றின் பயம்தான். தன் பிள்ளை எங்கேயும் தலைகுனிந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பயம் வாய்க்கு வரும்போது மட்டும் அதட்டலாக வந்து தொலைத்தது.

டீ வந்தது. அம்மாவையும் மகளையும் தவிர எல்லாரும் வராந்தாவுக்குப் போனார்கள். அப்போதுதான் அது அம்மாவின் கண்ணில் பட்டது. படத்தின் நடுவே ஒரு சிறுமி, மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். பென்சில் அவளுடைய இடது கையில் இருந்தது.

"நல்ல கூத்துடி இது. ஊரே பாக்கிற சுவர்ல போய் இப்படியா வரைவாங்க?"

அக்கம்பக்கம் பார்த்தாள். பசை இன்னும் காயவில்லை. பென்சிலுக்கு ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுகளை மெல்லப் பெயர்த்து, சிறுமியின் வலது கைக்கு மாற்றி ஒட்டினாள். தையல்காரி விரல்கள் ஆயிற்றே, மாற்றிய சுவடே தெரியவில்லை.

பக்கத்திலேயே நின்ற மகள் மூக்கைச் சிந்தப்போகிறாள் என்று நினைத்தாள். மகளோ துண்டுகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். ஒரு வழியாகப் பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்கு நிம்மதி.

சுவரில் பதிக்கும் நாள் வந்தது. கொத்தனார் ஈரச் சிமெண்டில் தாளை அழுத்திப் பதித்தார். பூச்சு இறுகியதும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாளை உரித்தார். உள்ளேயிருந்து நிறங்கள் பளிச்சென்று எட்டிப்பார்க்க, பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது அடைத்தது.

கைதட்டப் போன அம்மா அப்படியே நின்றுவிட்டாள். சுவரிலிருந்த சிறுமி இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கவிழ்த்து ஒட்டினா சுவர்ல இடது வலதாயிடும், வலது இடதாயிடும்னு அன்னிக்குக் காலையிலயே பிள்ளைங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதனாலதானே தாள்ல பென்சிலை இடது கையில வரைஞ்சேன். யாரு மாத்தினது?"

தினமும் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தைக்கிறவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள்.

அதற்குள் மகள் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மாதான் டீச்சர். எனக்காக மாத்தினாங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆனா நான் யார்கிட்டயும் சொல்லலையே."

அம்மா குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படியொரு சிரிப்பை அந்த முகத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"ஆமா டீச்சர்" என்றாள் அம்மா. "அது எம்பொண்ணு. அவ அந்தக் கையாலதான் எழுதுவா."