உறவினர் விசா

"சுற்றுலா விசா எனக்கு வேண்டாம். உறவுக்காரங்களைப் பார்க்கப் போறவங்களுக்குன்னு ஒண்ணு இருக்காமே, அதுதான் வேணும்" என்றாள் போடில், நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

ஓடென்சே நகரில் பல நாடுகளுக்கும் விசா வாங்கித் தரும் சின்ன அலுவலகம் அது. மேசைக்குப் பின்னால் இருந்த யெப்பெ நிமிர்ந்து பார்த்தான். போடில் அறுபதைத் தாண்டியவள். நெட்டையான உருவம், வெள்ளை முடி, நீலக் கண்கள். பக்கத்தில் முப்பதை எட்டாத மாய். கறுத்த நேரான கூந்தலும் முகவெட்டும் அவள் வியட்நாமியப் பெண் என்று சொல்லின. இருவர் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் ஸ்கோவ் என்றே இருந்தது. மாமியாரும் மருமகளும் என்று யெப்பெ மனதுக்குள் முடிவு செய்துகொண்டான்.

வியட்நாமின் வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் இருக்கும் லியென் என்ற பெண்மணியைப் பார்க்க இருவரும் போகிறார்கள். லியெனுக்கு உடம்பு சரியில்லை. பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு பேரும் வந்து தன் வீட்டிலேயே தங்க வேண்டும் என்று லியெனே அழைப்பு அனுப்பியிருந்தாள்.

யெப்பெ முதலில் மாயின் விண்ணப்பத்தை எடுத்தான். லியென் என்ன உறவு என்று கேட்டான்.

"அம்மா" என்றாள் மாய், சன்னமான குரலில்.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி. மாய் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போடில் அவள் முதுகில் கை வைத்து, "ரொம்ப வருஷம் ஆச்சுன்னு போட்டுக்கோங்க" என்றாள். யெப்பெ மேற்கொண்டு துருவவில்லை. நோயில் கிடக்கும் தாயைப் பார்க்க மகள் போகிறாள். இதைவிடத் தெளிவான காரணம் யாருக்கு வேண்டும்?

சிக்கல் போடிலின் விண்ணப்பத்தில்தான் வந்தது.

சுற்றுலா விசா என்றால் சீக்கிரம் கிடைக்கும், கேள்வியும் குறைவு, உங்களுக்கு அதுவே போதுமே என்று யெப்பெ எடுத்துச் சொன்னான். மாயும் அதையே சொன்னாள். எந்த முத்திரை குத்தினால் என்ன, போய்ச் சேர்ந்தால் போதாதா என்று கெஞ்சிப் பார்த்தாள். போடில் அசைந்து கொடுக்கவில்லை.

"கடலையும் கோயிலையும் பார்க்கவா நான் போறேன்? ஊர் சுத்த வந்தவ மாதிரி அவங்க வாசல்ல போய் நிக்க என்னால முடியாது."

மாய் யெப்பெயிடம் அலுத்துக்கொண்டாள். "இவங்க ஒண்ணு நினைச்சா நினைச்சதுதான். அங்க குடுக்கறதுக்குப் பை நிறைய உப்பு அதிமதுர மிட்டாய் வாங்கி வெச்சிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு வாயில போட்டாப் போதும், அடுத்த விமானத்துலயே எங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"உனக்குப் பிடிக்குதில்ல? அப்போ அவங்களுக்கும் பிடிக்கும்" என்றாள் போடில்.

யெப்பெ சிரித்தான். இப்படி ஒரு மாமியாரை அவன் பார்த்ததில்லை. ஆனாலும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. போன வசந்தத்தில் ஒரு பெரியவரின் விண்ணப்பம், உறவு சரியாகக் குறிப்பிடப்படவில்லை என்று தூதரகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதைத் திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் அவருடைய அண்ணனின் அடக்கமே முடிந்துபோனது. பெரியவர் யாரையும் குறை சொல்லாமல், நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்னமும் யெப்பெயை உறுத்திக்கொண்டிருந்தது.

அதனால் அவன் விவரமாகவே சொன்னான். இரண்டு விண்ணப்பமும் ஒரே அழைப்பை வைத்துப் போகின்றன. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். மாய் மட்டும் முதலில் கிளம்பட்டுமே, நீங்கள் சுற்றுலா விசாவில் பின்னால் போகலாமே என்று கேட்டான்.

மாய் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "தனியா நான் போக மாட்டேன். அந்த வாசப்படி ஏறும்போது இவங்க என் பக்கத்துல இருக்கணும்."

யெப்பெ பேனாவை எடுத்துக்கொண்டான். "சரி, உறவுன்னே போடுவோம். ஆனா என்ன உறவுன்னு எழுதணும். லியென் உங்களுக்கு ரத்த சொந்தமா?"

"இல்ல."

"பழக்கமாவது உண்டா?"

"இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

யெப்பெக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அப்போ சம்பந்தியம்மா! உங்க பையனுக்கு மாமியார். இதை முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ முடிச்சிருக்கலாமே" என்று எழுதக் குனிந்தான்.

போடில் கையை நீட்டி அவன் பேனாவைத் தடுத்தாள்.

"எனக்குப் பையன் கிடையாது."

சுற்றுலா என்றே போட்டுவிடுங்கள், இவரை இதற்குமேல் எதுவும் கேட்க வேண்டாம் என்று மாய் குறுக்கிட்டு யெப்பெயிடம் சொன்னாள்.

போடில் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வைத்துக்கொண்டது மாதிரியே.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லடி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, யெப்பெ பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்க. லியென், என் பொண்ணைப் பெத்த அம்மா."