ஐந்தரை மணி ஜன்னல்

"சாயங்காலம் அஞ்சரை ஆனா போதும்மா, உங்க பையன் ஜன்னல் கண்ணாடியைப் படபடன்னு தட்டி, பெருசாக் கத்துறான். கண்ணாடி விரிசலே விட்டுடுச்சு. ஆள் ஓடி வர்றதுக்குள்ள அடங்கிடுறான். ஏன்னுதான் புரியல" என்றார் ஆலோசகர்.

மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அந்த இல்லத்தில் தங்கியிருக்கும் ஒருவர் கத்தினாலோ, எதையாவது உடைத்தாலோ, அதற்குக் காரணம் என்னவென்று கண்டுபிடித்து, அவரிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை.

"இதுல புரியறதுக்கு என்ன மேடம் இருக்கு? என்னைத் தேடுறான்" என்றாள் அம்மா. "இருபத்தாறு வருஷமா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே வளர்ந்த பிள்ளை. வாய்தான் பேச வராது, மனசு இருக்குல்ல? அனுப்பிடுங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

"உங்க இடுப்பு?"

அவனைக் குளிப்பாட்டும்போது இருவருமாக வழுக்கி விழுந்ததில் உடைந்த இடுப்பு அது. அதற்குப் பிறகுதான் அப்பா அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். இடம் பழகும்வரை வீட்டிலிருந்து யாரும் பார்க்க வர வேண்டாம் என்று இல்லத்தில் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் தலையாட்டியவரும் அவர்தான். அன்றிலிருந்து அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அவரும் இன்னைக்கு வந்திருக்கலாமே?"

"யாரு, எங்க வீட்டுக்காரரா? அந்த இரும்புக் கடையைக் கட்டிக்கிட்டு அழவே அவருக்கு நேரம் போதல. 'நீ போயிட்டு சீக்கிரம் வா, அங்க உட்கார்ந்து மூக்கைச் சிந்தாதே'ன்னு சொல்லி அனுப்பினார். பிள்ளை எப்படி இருக்கான்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. சிரிச்சாக்கூடச் செலவாயிடும்னு நினைக்கிற மனுஷன், மேடம்!"

ஆலோசகர் தன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சத்தம், வெளிச்சம், பசி, பல்வலி எல்லாம் பார்த்தாச்சும்மா. ஜன்னலுக்கு வெளியேயும் பார்த்தேன். எதிர்ல பஸ் ஸ்டாப். நாலு பேர் நிக்கிறாங்க, பஸ் வருது, போறாங்க. அவ்வளவுதான். காரணம் தெரியலேன்னா ஜன்னல் இல்லாத பின்பக்க ரூமுக்கு மாத்திட்டு, மாத்திரையையும் கூட்டிடலாம்கிறாங்க. எனக்கு அதுல இஷ்டமில்ல. என் கண்ணுக்குப் படாதது பெத்தவங்க கண்ணுக்குப் படலாம். இருந்து பார்த்துட்டுப் போங்க. ஆனா அவன் உங்களைப் பார்த்துடக் கூடாது."

"மாத்திரையெல்லாம் வேண்டாம் மேடம். இருந்து பார்க்கிறேன்" என்றாள் அம்மா.

ஐந்தரைக்குச் சற்று முன்பு இருவரும் அவன் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. ஓடிப்போய் அதைச் சரிசெய்து, அந்தப் பிடரியில் ஒரே ஒரு தடவை முகத்தை வைத்துக்கொள்ள மாட்டோமா என்று ஏங்கினாள். கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று அவன் எழுந்தான். இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினான். உடம்பு குலுங்க, தொண்டை கிழிய ஒரு கத்தல்.

வராந்தாவிலிருந்து பணியாளர் ஒருவர் ஓடி வந்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"இருங்க, இருங்க. மேடம், இது அழுகை இல்ல."

"பின்னே?"

"சிரிக்கிறான். சந்தோஷம் தாங்கலேன்னா இப்படித்தான் சிரிப்பான். பின்னால நின்னு பார்க்கிறவங்களுக்கு அலறுற மாதிரிதான் இருக்கும்."

என்னைத் தேடித்தான் கத்துகிறான் என்று இவ்வளவு நேரம் நம்பிக்கொண்டிருந்தாளே! அவள் இல்லாமல் அவனுக்கு இவ்வளவு சிரிப்பா? இருபத்தாறு வருஷத்தை மறந்துவிட்டு, அப்படி யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்?

சுவரோடு சுவராக ஒட்டி நடந்து, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வெளியே எட்டிப் பார்த்தாள்.

ஆலோசகர் சொன்னது சரிதான். எதிரே பஸ் ஸ்டாப், நாலைந்து பேர். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள். பஸ் போன பிறகும் ஒருவர் மட்டும் ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைப்பதும், நாக்கைத் துருத்திக்கொண்டு இந்த ஜன்னலை எட்டிப் பார்ப்பதும், மறுபடி மறைத்துக்கொள்வதுமாக இருந்தார் அவள் கணவர்.