மூன்றாவது உயிர்

"இன்னொரு செங்கல்லைச் சுட வெச்சுக் கொண்டு வா லவ்டே. மாமாவுக்குக் காலெல்லாம் சில்லுனு இருக்கு" என்றாள் தாமசின், போர்வையை இழுத்துவிட்டபடி.

நாத்தனார் லவ்டே நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "எத்தனை செங்கல் வெச்சாலும் அந்தக் கால் சூடாகாது அண்ணி. சித்தப்பா போயிட்டாரு."

தாமசினுக்கு மட்டும் தெரியாதா? காலையில் கஞ்சியோடு மாடிக்கு வந்தபோதே டிகரி மாமா கட்டை மாதிரிக் கிடந்தார். அழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பயம்தான் வந்தது.

"கத்தாதடி. யாராவது தொட்டுப் பார்த்தா உடம்பு கொஞ்சமாவது சூடா இருக்க வேணாமா?"

அவர்கள் குடியிருந்த ஆல்டர்கூம்ப் பண்ணை மூன்று உயிர்களின் மேல் எழுதி வாங்கியது. டெவன் பக்கம் அதுதான் வழக்கம். பத்திரத்தில் கண்ட மூவரில் ஒருவர் மூச்சுவிடும்வரை பண்ணை குடியானவனுக்கு. மூன்றாவது மூச்சும் நின்றுவிட்டால் வீடு, நிலம், தொழுவம் எல்லாம் நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்கு.

எழுதுகிற பெயர் குடியானவனின் உறவுக்காரனுடையதாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. சீக்கிரம் சாகாத ஆளாக இருந்தால் சரி. தாமசினின் மாமனாருக்குத் தேடி அலையும் வேலை இல்லாமல் போயிற்று. அவருடைய தம்பி டிகரி, சிறு வயதிலேயே பெரியம்மை கண்டு பிழைத்தவன். அம்மையே விட்டுவைத்த பையனைச் சாவு லேசில் தொடாது என்று அன்றைக்கு ஊரே பேசியது.

மற்ற இரண்டு பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகளின் பெயரைப் புதிதாகச் சேர்த்து வர, தாமசினின் கணவன் ஹம்ஃப்ரி எக்ஸீட்டருக்குப் போய்ப் பிரபுவின் வக்கீலிடம் காத்துக்கிடக்கிறான். பழைய உயிர் இருக்கும்போதே புது உயிரைச் சேர்த்தால்தான் உண்டு. கிழவர் இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவர வக்கீல் தன் குமாஸ்தாவை அனுப்பியிருந்தார். அவன் வருகிற நாள் பார்த்தா இந்த மனுஷன் போகவேண்டும்!

வாசலில் நாய்கள் குரைத்தன. லவ்டே ஜன்னலோரம் எட்டிப் பார்த்தாள்.

"குமாஸ்தா தனியா வரலை அண்ணி. வழி காட்டறேன்னு அந்தக் காரியஸ்தர் நார்த்காட்டும் கூடவே வர்றாரு."

பிரபுவின் காரியஸ்தரைக் கண்டாலே தாமசினுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் வாசலில் வழிமறித்து, "கிழவருக்கு இருமல் எப்படி இருக்கு? கம்பளி போத்தி விடறியா?" என்று கேட்பார். எப்போது சாவார், எப்போது பண்ணையைப் பிடுங்கலாம் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிற ஆள் என்பது அவள் எண்ணம்.

"நீ கீழ போய் அந்தக் குமாஸ்தாவை எப்படியாவது பிடிச்சு உட்கார வை. போ!"

லவ்டே கெட்டிக்காரி. குமாஸ்தாவைக் கணப்பருகில் உட்காரவைத்து, பெரிய குவளை நிறைய ஆப்பிள் சைடரைக் கையில் கொடுத்துவிட்டாள். மழையில் நனைந்து வந்தவனுக்கு அதற்குமேல் செங்குத்தான அந்த மரப்படியில் ஏற மனம் வரவில்லை.

"நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க ஐயா. காரியஸ்தர் வார்த்தைக்கு மேல என்ன இருக்கு?" என்று கீழேயிருந்து அவன் சொல்வது கேட்டது.

நார்த்காட் படியேறி வந்தார். தாமசின் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்பத்தான் கண் அசந்தாரு ஐயா. ராத்திரி பூரா இருமல். எழுப்பிடாதீங்க."

"நான் ஏன் எழுப்பறேன்? தள்ளு."

போர்வைக்குள் கைவிட்டுக் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதைத் தாமசின் பார்த்தாள். கையை விட்டதும் கிழவரின் வாய் தொப்பென்று திறந்துகொண்டது.

எல்லாம் முடிந்தது. தாமசின் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டாள். "குழந்தை குட்டியோட எங்க போவேன் ஐயா? புதுப் பத்திரத்துல முத்திரை விழற வரைக்கும் பொறுத்துக்கங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எப்பப் போனாரு?"

"விடியக்காலைல."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் லவ்டேவுக்கும்தான்."

நார்த்காட் கோட்டை உதறி விடுவித்துக்கொண்டு படிப்பக்கம் போனார். தாமசின் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது.

"ஓய் குமாஸ்தா! கிழவர் நல்லாத் தூங்கறாரு. உசிரோட இருக்காருன்னு தைரியமாப் போய்ச் சொல்லு!"

தாமசின் நம்ப முடியாமல் நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வந்த நார்த்காட், தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கிழவரின் தாடையை இறுக்கிக் கட்டினார்.

"ஐயா... உங்களைப் போய் நான் என்னென்னவோ நினைச்சுட்டேனே. எங்க மேல இவ்வளவு இரக்கமா?"

"இரக்கமாவது மண்ணாவது! என் மாவு ஆலையும் இவர் உசிர் மேலதாம்மா எழுதியிருக்கு."