சுரங்கத்தில் கிடைத்த கடலை

மழை முடியும்வரை தின்பதற்கென்று அணில் பொந்து நிறைய வேர்க்கடலை சேர்த்திருந்தது. ஆனால் ஊர் அணில்களெல்லாம் கடலையைக் கொடுத்துப் புதுத் தொழில்களில் பங்கு வாங்குவதைப் பார்த்ததும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. நேராகக் குளக்கரைத் தவளையிடம் ஓடியது.

"தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரித்து வயிற்றில் நிரப்பி, மேகம்வரை பறக்கப் போகிறேன். கடலையைப் போடு தங்கச்சி!" என்றது தவளை.

"இதுவரை பறந்திருக்கிறீர்களா அண்ணே?"

"பறந்துவிட்டால் பங்கு விலை ஏறிவிடுமே, அசடே!"

அணிலுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாதிக் கடலையைக் கொடுத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தது.

மறுநாள் பெருச்சாளி கூப்பிட்டது. "என் வளைக்கு அடியில் கடலைச் சுரங்கமே இருக்கிறது. ஒன்று போட்டால் பத்து!"

இந்த முறை அணில் உஷாராகிவிட்டது. "கண்ணால் பார்க்காமல் ஒரு பருப்புகூடத் தரமாட்டேன்" என்று கறாராகச் சொல்லி வளைக்குள் இறங்கியது.

உள்ளே கடலை மலைபோல் குவிந்திருந்தது. பக்கத்திலேயே தவளை உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது.

"அட, தவளை அண்ணனே இதிலும் போட்டிருக்கிறாரா!" என்று அணில் பூரித்துப்போனது. ஒரு கடலையை எடுத்துப் புரட்டியது. ஓட்டில் அணிலின் சொந்தப் பல்தடமே பதிந்திருந்தது.

"எனக்கென்றே விளைந்திருக்கிறது!" என்று கத்திக்கொண்டே, மீதிக் கடலையை எடுத்துவரப் பொந்துக்கு ஓடியது.